திட்டுறதுக்கு ஒரு முறைக்காரன்

எனக்குப் பிரிவு உபசாரம் நடந்து ஒரு வாரம் இருக்கும். துபாய் கராமாவுல மகன் வீட்டு சோபாவுல காலை நீட்டிப் போட்டுக் கெடந்தேன். காலமெல்லாம் கேம்ப் பாஸா மாடிப்படி ஏறி எறங்குனவனுக்குக் கடைசியில மிஞ்சுறது முழங்கால் வலிதான். போன் அடிச்சுது. கம்பெனி எச்.ஆர்.ல இருந்து நிவேதா. தமிழ்ப் பொண்ணுதான். ஷார்ஜாவுலயே பொறந்து வளந்தது. பாதிக்குப் பாதி இங்கிலீஷ் கலக்காம அதுக்குத் தமிழ் வராது.

"அங்கிள், ஹெல்த் எப்படி இருக்கு? ஒரு விஷயம். ஃபேர்வெல் அன்னைக்கு முலெங்கா ஸ்டேஜ்ல பேசினார்ல? அந்த வீடியோ மேல வரைக்கும் போயிருச்சு. எல்லாரும் ரொம்ப அப்செட். நீங்க ஒரு ஈமெயில் போட்டீங்கன்னா ப்ராசஸ் பண்ணிடலாம்."

"ப்ராசஸ்னா என்னம்மா?"

"டெர்மினேஷன்தான் அங்கிள். உங்க வயசைச் சொல்லி, சாப்பாட்டைச் சொல்லி, நீங்க சாகுறதைப் பத்தி எல்லாம்... இட்ஸ் ஹாரிபிள். ஆனா பாதிக்கப்பட்டவங்க நீங்க. உங்க கம்ப்ளெயிண்ட் இல்லாம நாங்க எதுவும் பண்ண முடியாது."

முலெங்கா என்ன பேசினான்னு சொல்லிடறேன். அவன் ஜாம்பியாக்காரன். எங்க செக்யூரிட்டி கம்பெனியில கார்டா வந்து இப்ப ஷிப்ட் சூப்பர்வைசர். அன்னைக்கு எல்லாரும் என்னைக் 'கடமை தவறாதவர்', 'எங்களுக்குத் தகப்பன் மாதிரி'ன்னு அடுக்கிட்டுப் போனாங்க. பாதிப்பேர் முகம்கூட எனக்குத் தெரியாது. கடைசியா இவன் மைக்கை வாங்கினான். "இந்தக் கெழவன் ஒழியுறது நல்லதாப் போச்சு. இவன் கருவாட்டு நாத்தம் தாங்காம இந்த நாட்டு ஒட்டகமெல்லாம் ஓமனுக்கு ஓடிப்போச்சு. இவன் ஊர்ல செத்தா யாரும் அழாதீங்க. எனக்குச் சொல்லி அனுப்புங்க, நான் வந்து சிரிக்கிறேன்"னான். முதலாளி சிரிச்ச முகம் சிரிச்ச மேனிக்கே நின்னுடுச்சு. நான் மட்டும் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சிட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி செல்வி பிடிச்சுக்கிட்டா. "அந்தப் பய அத்தனை பேர் முன்னாடி சாவு பத்திப் பேசுறான், நீங்க பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கீங்க. சூடு சொரணை வேணாம்?"

அவளுக்கும் அன்னைக்குச் சொல்லலை. சொல்ல ஆரம்பிச்சா நீளும். இப்ப நிவேதாவுக்கும் போன்ல சொல்ல முடியலை. "புதன்கிழமை நேர்ல வர்றேம்மா, அதுவரைக்கும் அவன் மேல கை வைக்காதீங்க"ன்னு மட்டும் சொல்லி வெச்சேன். ஒருத்தன் வேலை என் வாயில தொங்குது. எதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் பழசெல்லாம் மேல வந்துச்சு.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம். கார்டா வந்தேன். ஸ்கூல் வாசல், ஆஸ்பத்திரி வாசல், மால் வாசல்னு வாசல் வாசலா நின்னேன். நின்னு நின்னு கால் வீங்கினதும் கேம்ப் பாஸ் ஆக்கினாங்க. நான் வந்த கதை அவ்வளவுதான், அதுல சொல்ல ஒண்ணுமில்லை.

கேம்ப் பாஸ் வேலைன்னா சாவிக்கொத்தைத் தூக்கிட்டுத் திரியுறதுன்னு நெனப்பாங்க. அல் கூஸ்ல எங்க கேம்ப்ல நாலு மாடி. ஒரு ரூமுக்கு ஆறு கட்டில். எந்தக் கட்டில்ல எவனைப் போடறதுங்கறதுதான் வேலையே. நைட் டூட்டிக்காரனையும் பகல் டூட்டிக்காரனையும் ஒண்ணாப் போட்டா ரெண்டு பேருமே தூங்க மாட்டான். ஏசி பதினெட்டு வேணும்கறவனையும் போர்வைக்குள்ள நடுங்குறவனையும் சேத்தா ரிமோட்டுக்கு அடிதடி. குறட்டைக்காரனுக்கு இன்னொரு குறட்டைக்காரன். இதெல்லாம் எந்தப் படிப்புலயும் வராது. அடி வாங்கி வாங்கி வரும். இப்ப ரூம் போடறதைக் கம்ப்யூட்டர் பாத்துக்குதாம். பேரு, பாஸ்போர்ட், நாடுன்னு மூணைத் தட்டினா கட்டில் நம்பர் வந்துடுமாம். வரட்டும். எனக்கென்ன.

நானும் ஒரு காலத்துல நாட்டைப் பாத்துத்தான் ரூம் போட்டேன். ஜாம்பியாவுல இருந்து மொதல் செட் வந்தப்ப, ஒரே ஊர்க்காரனுங்க, ஒண்ணாக் கெடந்தா பேச்சுத்துணைன்னு ஒரே ரூம்ல போட்டுட்டு வந்துட்டேன். மறுநாள் போய்ப் பாத்தா அவனுங்க ஒருத்தனுக்கொருத்தன் இங்கிலீஷ்ல பேசிக்கிட்டிருக்கானுங்க. என்னடா கூத்துன்னு கேட்டேன்.

முலெங்காதான் சொன்னான். ஒல்லியா, கழுத்து நீளமா, அப்பவே வாய் ஜாஸ்தி. "பாஸ், நான் பெம்பா, வடக்கே. அந்தத் தடியன் லோசி, மேற்கே ஆத்தங்கரைக்காரன். இவன் டோங்கா, தெற்கே மாடு வளக்குற கூட்டம். எங்க நாட்டுல எழுபதுக்கு மேல கூட்டம் உண்டு. நீங்க எல்லாரையும் ஒரே டப்பாவுல போட்டு மூடியிருக்கீங்க."

பாஷை வேற வேறன்னாலும் எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்கதான்னு பிறகு தெரிஞ்சுக்கிட்டேன். வராந்தாவுல தண்ணி மெஷின்கிட்ட நின்னாலே போதும். தண்ணியைப் பெம்பாக்காரன் அமென்ஷிம்பான். கிழக்கத்தியான் மட்ஸிம்பான். லோசிக்காரன் மேஸிம்பான். தெலுங்குக்காரனும் மலையாளியும் நாமளும் வீட்டு அயிட்டமெல்லாம் பேரு சொல்லிப் பாத்துக்குவோமே, அந்த மாதிரிதான். ஒருத்தன் சொல்றது இன்னொருத்தனுக்குப் பாதி புரியும், மீதிக்குச் சிரிச்சுக்குவானுங்க. பாண்டு பாஷைங்கன்னு மொத்தமா ஒரு பேரு இருக்காம். பேரு எனக்கெதுக்கு? அவனுங்க காஞ்ச சின்ன மீனை வறுக்குற வாசனை அச்சு அசல் நம்ம நெத்திலிக் கருவாடு. கப்பெண்டான்னு பேரு. மத்த மாடிக்காரனுங்க மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினானுங்க. நான் தமிழ் ஆளுங்களையும் ஜாம்பியாக்காரனுங்களையும் ஒரே வராந்தாவுல போட்டேன். அந்த வராந்தாவுல இருந்து எனக்கு ஒரு கம்ப்ளெயிண்ட்டும் வந்ததில்லை.

ரெண்டாவது செட்டுலதான் ஜெரே வந்தான். குட்டையா, தோள் அகலமா, நடந்தா தரை அதிரும். அவன் கிழக்கத்தியான், ங்கோனிக் கூட்டம். பட்டாளக்காரப் பரம்பரையாம். அந்தக் காலத்துல தெக்கே ரொம்பத் தூரத்துல இருந்து ஈட்டியைத் தூக்கிட்டு வந்து, வந்த எடத்துப் பொண்ணுங்களைக் கட்டிக்கிட்டாங்களாம். பிள்ளைங்க தாய் பாஷையைப் பேசப் பேச, வந்தவங்க பாஷை தேஞ்சு போச்சாம். இதைச் சொல்லும்போது ஜெரே முகம் கொஞ்சம் வாடினாப்ல இருந்துச்சு. எனக்கு நல்லாப் புரிஞ்சுது. என் பேரன் என்னைக் கிராண்ட்பாங்கறான்.

கதவைத் தொறந்து ஜெரே பெட்டியோட உள்ள வந்தான். முலெங்கா கட்டில்ல இருந்து எந்திரிச்சு நின்னான். "நீ எங்க?" "சிப்பாட்டா. நீ?" "கசாமா." அவ்வளவுதான். "ஐயோ, எலிதின்னி வந்துட்டான், சாக்ஸைப் பூட்டி வைங்கடா"ன்னு முலெங்கா கத்தினான். "குரங்குதின்னி பக்கத்துலயா எனக்குக் கட்டில்? வாலு எங்கடா, பேண்ட்டுக்குள்ளயா?"ன்னு ஜெரே பெட்டியைத் தூக்கி அவன் கட்டில் மேலயே வெச்சான். சரி, ரத்தம் பாக்கப்போறோம்னு நான் நடுவுல பாய்ஞ்சேன். பாத்தா ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்குறானுங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தனை ஒருத்தன் பாத்ததுகூடக் கெடையாது.

விஷயம் என்னன்னா, தாத்தன் பூட்டன் காலத்துல பெம்பாவும் ங்கோனியும் வெட்டிக்கிட்டுச் செத்தவங்க. பிறகு ராசியாகி, இனிமே ஈட்டி கெடையாது, வாய் மட்டும்தான்னு ஆச்சாம். அன்னையில இருந்து ரெண்டு கூட்டமும் ஒண்ணுக்கொண்ணு முறைக்காரங்க. இவங்க குரங்கு திம்பாங்க, அவங்க எலி திம்பாங்கன்னு என்ன வேணா திட்டலாம், பொருளைத் தூக்கிட்டுப் போகலாம், கோவப்படக்கூடாது. கோவப்பட்டா அவன்தான் மானம் கெட்டவன். டோங்காவுக்கும் லோசிக்கும்கூட இப்படி ஒரு கணக்கு உண்டாம். நம்ம பக்கம் மாமன் மச்சான் கேலி இல்லையா? மச்சான் வேட்டியை உருவினா போலீசுக்கா போறோம்? இவங்களுக்கு ஒரு ஜனமே இன்னொரு ஜனத்துக்கு மச்சான்.

ஆனா கேலியோட முடியலை. அதை முலெங்காதான் ஒரு நாள் விளக்கினான். "பாஸ், எங்க வீட்டுல சாவு விழுந்தா எங்க ஆளுங்க அழுதுக்கிட்டே உக்காந்துடுவோம். சமைக்கறது, குழி வெட்டுறது, எல்லாத்தையும் இந்த எலிதின்னிங்கதான் வந்து செய்யணும். செய்யும்போதே செத்தவங்களைத் திட்டுவாங்க. எங்களைச் சிரிக்க வெப்பாங்க. சிரிச்சாத்தான் எந்திரிப்போம்." இதை அவன் ரொம்ப சாதாரணமாத்தான் சொன்னான். நானும் கேட்டு மறந்துட்டேன்.

எங்க ஆபரேஷன்ஸ் மேனேஜரைப் பத்திச் சொல்லணும். பட்டாளத்துல இருந்து வந்த பஞ்சாபி. எல்லாருக்கும் அவர் சாப்தான். அடிதடி, தகராறுன்னா ஆபீசுக்குக் கூப்பிட மாட்டார். கேம்ப் மெஸ்ஸுக்கு அவரே வருவார். சம்பந்தப்பட்டவனுங்களை எதிரெதிரா உக்கார வெப்பார், அவர் மட்டும் நிப்பார். கைக்கடியாரத்தைக் கழட்டிப் பேண்ட் பையில போட்டுக்குவார், அவசரம் இல்லைங்கறதுக்கு அடையாளம். பிறகு, "பஹ்லே பானி." மொதல்ல தண்ணி. முழு டம்ளரையும் குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் வாயைத் திறக்கக்கூடாது. அதுலயே பாதிக் கோவம் எறங்கிடும். அதுக்கப்புறம் கம்ப்ளெயிண்ட் குடுத்தவனைப் பாக்கவே மாட்டார். அடி வாங்கினவன்னு யாரைச் சொல்றாங்களோ, அவன் தோள்ல கை வெச்சு ஒரே கேள்வி. "கஹான் லகா?" எங்கே பட்டுச்சு? அவன் ஒடம்பைக் காட்டுறானா, மனசைக் காட்டுறானா, இல்ல எங்கேயும் படலைன்னு முழிக்கிறானான்னு பாப்பார். அதுலயே தீர்ப்பு முடிஞ்சுடும். நடுவுல ஒருத்தன் பேப்பர்ல எழுதி வந்ததை எடுத்தா, "படோ மத், போலோ"ம்பார். படிக்காதே, சொல்லு. எனக்கு அந்த மனுஷன் மேல பயமும் உண்டு, ஒரு ஆசையும் உண்டு. இப்படி ஒரு அண்ணன் எனக்கு இருந்திருக்கக்கூடாதான்னு.

அவர் வருஷ லீவுல ஊருக்குப் போன நேரம் பாத்துத்தான் அது நடந்துச்சு.

முலெங்காவும் ஜெரேயும் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்துல ஒண்ணா டூட்டி. ஷிப்ட் மாறும்போது லாபியில வழக்கம்போல ஆரம்பிச்சிருக்கானுங்க. வாட்டசாட்டமான ஜெரே, ஒல்லி முலெங்காவைப் பாத்து, "குரங்குதின்னி, மரத்துல இருந்து எறங்க இவ்வளவு நேரமா?"ன்னு இங்கிலீஷ்லயே கத்தியிருக்கான். லாபியில நின்ன கட்டடத்து மேனேஜர் அம்மா காதுல குரங்குங்கறது மட்டும் விழுந்திருக்கு. ஒரு கறுப்பு ஆளைப் பாத்து அந்த வார்த்தையான்னு அந்தம்மா பதறிப்போச்சு. அதைத் தப்பு சொல்ல முடியாது, நல்ல மனசுதான். அன்னைக்கே கம்பெனிக்கு எழுதிடுச்சு. இனத்தைச் சொல்லித் திட்டினா இந்த நாட்டுல கேஸ். கம்பெனி நடுங்கிப்போச்சு.

அப்ப இருந்த எச்.ஆர். மேனேஜர் ஜெரேயைக் கூப்பிட்டு, இந்த வார்த்தையைச் சொன்னியா இல்லையான்னு கேட்டார். சொன்னேன்னான். கலாஸ், அத்தோட முடிஞ்சுது. டெர்மினேஷன், விசா கேன்சல், ஊருக்கு ஒரு வழி டிக்கெட். முலெங்கா ஓடினான். "சார், அவன் எனக்கு முறைக்காரன் சார், நானும் அவனை எலிதின்னிங்கறேன் சார்"ன்னான். அப்ப ரெண்டு பேருக்குமே நடவடிக்கைன்னு அவன் கையிலும் ஒரு வார்னிங்கைக் குடுத்து அனுப்பினார். நான் போய் நின்னேன். "கணேசன், நீங்க கேம்ப்பைப் பாருங்க"ன்னார்.

டிக்கெட் தேதி வரைக்கும் ஜெரே டூட்டி இல்லாம கேம்ப்லயே கெடந்தான். எச்.ஆர். சொல்லி அவனை முலெங்கா ரூம்ல இருந்து வேற ரூமுக்கு மாத்தியிருந்தோம். மத்த பசங்க அவன்கிட்டப் பேசப் பயந்தானுங்க. ஊர்ல ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. ஜன்னல்கிட்ட உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டே இருப்பான். சாப்பாடு மட்டும் முலெங்கா கொண்டுபோய் வெப்பான். "தின்னு, எலி கெடைக்கலை"ம்பான். ஜெரேக்குப் பதில் சொல்லக்கூடத் தெம்பு இருக்காது.

அந்த வாரத்துலயே கசாமாவுல முலெங்காவோட அம்மா செத்துப்போச்சு.

போக வழியில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்துச்சு, எப்ப வரும்னு தெரியாது. முலெங்கா கட்டில்ல ஏறி செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவன் படுத்தவன்தான். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. எல்லாரும் போய்ப் போய் 'சாரி பிரதர்'னு தோளைத் தொட்டுட்டு வந்தானுங்க. தமிழ் ஆளுங்க கஞ்சி வெச்சுக் கொண்டுபோனானுங்க, அப்படியே ஆடை கட்டிப்போச்சு. நானும் போய் உக்காந்து எந்திரிச்சு வந்தேன். ஜெரே மட்டும் அந்த ரூம் பக்கமே போகலை. இன்னொரு கம்ப்ளெயிண்ட் வந்தா ஜெயில்னு எச்.ஆர்.ல சொல்லி வெச்சிருந்தாங்க. வராந்தாவுல அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே இருந்தான்.

சாப் லீவு முடிஞ்சு வந்த மொத நாளு. பைகூட வைக்காம நேரா கேம்ப்புக்கு வந்தார். நான் அவரை அந்த மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன், ஜெரே திடீர்னு கதவைத் தள்ளிக்கிட்டு முலெங்கா ரூமுக்குள்ள போயிட்டான். உள்ள ஏழெட்டுப் பேர் துக்கத்துக்கு உக்காந்திருக்கானுங்க. நட்டநடுவுல நின்னு ஜெரே பெருங்குரல்ல சிரிச்சான்.

"என்ன, கெழவி ஒருவழியாப் போய்ச் சேர்ந்துட்டாளா? உன்னை மாதிரி ஒரு குரங்கைப் பெத்து வளத்த களைப்புதான், வேறென்ன. எனக்கு ஒரு சேவல் தர்றேன்னு சொல்லியிருந்தாளே, அதை யாரு தருவா? சேவலைத் தூக்கிக்கிட்டே குழிக்குள்ள போயிட்டாளா, கஞ்சக் கெழவி?"

நேபாளிப் பையன் ஒருத்தன் பாய்ஞ்சு ஜெரே சட்டையைப் பிடிச்சான். நம்ம ஆளுங்க ரெண்டு பேரு, "டேய் நாயே, சாவு வீட்லயாடா"ன்னு கையை ஓங்கிட்டானுங்க. நான் குறுக்க விழுந்தேன். "விடுங்கடா, அவன் முறைக்காரன்டா, விடுங்க!" எனக்கும் ஒரு குத்து விழுந்துச்சு. எவன் குத்தினான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்த அமளியில கட்டில்ல இருந்து ஒரு குரல் வந்துச்சு. கரகரன்னு, துரு பிடிச்ச மாதிரி.

"சேவல் கேக்குற மூஞ்சியைப் பாரு. அம்மா உனக்காக வளை தோண்டி ரெண்டு எலி பிடிச்சு வெச்சிருந்தா. போய்த் தின்னு."

எல்லாக் கையும் அப்படியே நின்னுச்சு. முலெங்கா எந்திரிச்சு உக்காந்திருந்தான். சிரிக்கிறான். சிரிச்சுக்கிட்டே இருந்தவன் அப்படியே வாயைப் பொத்திக்கிட்டு அழ ஆரம்பிச்சான் பாருங்க, பெத்தவளைப் பறிகொடுத்தவன் அழுகை. அத்தனை நாள் வராத அழுகை. ஜெரே போய் அவனை மடியில சாய்ச்சுக்கிட்டு, ஆறிப்போன கஞ்சியை எடுத்து ஊட்டினான். திட்டிக்கிட்டேதான் ஊட்டினான்.

சாப் கதவுகிட்ட நின்னு எல்லாத்தையும் பாத்தார். கடியாரத்தைக் கழட்டிப் பையில போட்டார். முலெங்கா கஞ்சி குடிச்சு முடிக்கிற வரைக்கும் பேசலை. பிறகு கட்டில் பக்கத்துல போய் அவன் தோள்ல கையை வெச்சு, "கஹான் லகா, பேட்டா?"ன்னார்.

முலெங்காவுக்கு அந்த அளவுக்கு இந்தி தெரியும். "எங்கேயும் படலை சாப். இத்தனை பேர் வந்தாங்க, எல்லாரும் சாரி சொன்னாங்க. இவன் ஒருத்தன்தான் வேலைக்கு வந்தான்"னான்.

சாப் கீழே மெஸ்ஸுக்குப் போய் எச்.ஆருக்குப் போன் போட்டார். இந்தியிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிக் கத்தினார். என்ன கத்தினார்னு வேண்டாம். அரை மணி நேரத்துல டெர்மினேஷன் நின்னுபோச்சு. ஜெரேயைக் கூப்பிட்டு, "நாளைக்கு யூனிபார்ம் போடு. கட்டடத்தம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்"னார். எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்துச்சு.

ஜெரே நகரலை. "சாப், அந்த டிக்கெட் இன்னும் இருக்கில்ல?"

"இருக்கு. அது எதுக்கு இப்ப?"

"அதைக் குடுங்க. இன்னைக்கே மாத்திக் குடுங்க. அவன் போக முடியாது. சொந்தக்காரங்க வந்து சேரட்டும்னு அடக்கத்தை நிறுத்தி வெச்சிருக்காங்களாம். அந்தக் கெழவிக்கு இவன் பக்கத்துல இருந்து ஒரு முறைக்காரன் போகணும்."

"அது போற டிக்கெட்டுடா, வர்ற டிக்கெட் இல்லை. அதுல போனா வேலை போனதுதான். லீவு குடுக்கலாம்னா அவ உன் அம்மாவும் இல்லை, கம்பெனி ஒத்துக்காது."

"தெரியும் சாப்."

"உன் பிள்ளைங்க?"

"அதுங்களும் ங்கோனிதான் சாப். கேட்டா புரிஞ்சுக்கும்."

சாப் திரும்பி என்னைப் பாத்தார். போகாதேன்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு, சொல்ல முடியலை. முட்டாப்பயலேன்னு ஒரு கோவம், இப்படி ஒரு மனுஷனான்னு ஒரு மலைப்பு. சாப் டிக்கெட்டை மாத்தச் சொல்லிட்டு வெளியில போய் ரொம்ப நேரம் தனியா நின்னார்.

ஏர்போர்ட் வேன்ல முலெங்காவும் நானும் கூடப் போனோம். வழிநெடுக ரெண்டும் திட்டிக்கிட்டே வந்துதுங்க. எறங்கும்போது ஜெரே என் கையைப் பிடிச்சான். "பாஸ், இந்தக் குரங்கைத் திட்ட இனிமே ஆள் இல்லை. கேம்ப்ல வேற ங்கோனியும் இல்லை. நீங்களும் கருவாடு தின்னுறவர்தான். என் எடத்துல நீங்க இருங்க."

"நான் எப்படிடா? நான் பட்டுக்கோட்டை."

"திட்டத் தெரியுமில்ல? அது போதும்." முலெங்காகிட்டத் திரும்பி, "உன் முறைக்காரன் இனிமே இவர். இவரை விடாம திட்டு. கெழவர் செத்தாக் குழி வெட்டுற வேலையும் உன்னுதுதான்"னான்.

லுசாகாவுல எறங்கி, பிள்ளைங்க இருக்குற கிழக்கு ரோட்டுக்குப் போகாம, வடக்கே பஸ் பிடிச்சு கசாமா போயிட்டான். மெஸ்ஸுல உக்காந்து முலெங்கா போன்ல வீடியோ பாத்தோம். ஜெரே குழிக்குள்ள எறங்கிப் படுத்துக்கிட்டு, சேவல் வந்தாத்தான் எந்திரிப்பேன்னு அடம் பிடிக்கிறான். சுத்தி நின்னு அழுதுக்கிட்டிருந்த ஜனம் மொத்தமும் சிரிக்குது. யாரோ நெசமாவே ஒரு சேவலைக் கொண்டுவந்து குடுத்தாங்க. அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டே மேல வந்து, மண்வெட்டியை எடுத்து மொத மண்ணைத் தள்ளினான். இந்தப் பக்கம் முலெங்கா சிரிச்சுக்கிட்டே அழுதான். சாப் தலையில இருந்த டர்பனைச் சரி பண்ற மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

ஜெரே திரும்பி வரலை. ரொம்பக் கஷ்டப்பட்டான்னு கேள்வி. இப்ப சிப்பாட்டாவுல மினிபஸ் ஓட்டுறான். சாப் ஊரோட போயிட்டார். அன்னையில இருந்து நானும் முலெங்காவும் ஒரு நாள் விடாம திட்டிக்குவோம். சலிச்சுப் போயி வர்ற நாள்ல அவன் ஒரு வார்த்தை திட்டினா அன்னைக்கு டூட்டி ஓடிடும். இந்த ஊர்ல எனக்குச் சலாம் போட்டவன் ஆயிரம் பேர். அது வேலைக்குப் போட்ட சலாம். இவன் திட்டு மட்டும்தான் எனக்குன்னு வந்தது.

புதன்கிழமை மெட்ரோ பிடிச்சு ஆபீசுக்குப் போனேன். நிவேதா டீ வரவழைச்சுக் குடுத்துச்சு. நான் மொதல்ல தண்ணி கேட்டேன், அதையும் குடிக்கச் சொன்னேன். எதுக்குன்னு தெரியாமலே குடிச்சுச்சு. பிறகு மேல சொன்னது பூராவையும் சொன்னேன். பொறுமையாத்தான் கேட்டுச்சு.

"அங்கிள், எனக்குப் புரியுது. பட் நாளைக்கு வேற யாராவது வீடியோவைப் பாத்துட்டு..."

"நீ ஒரு நல்ல காரியம் பண்ணினேம்மா. மத்தவனை எல்லாம் விட்டுட்டு, பட்டவன் நான்தான்னு என்கிட்டக் கேட்டே. எங்க சாப் இருந்தா உன்னை மெச்சியிருப்பார். கேளு, இப்பவும் கேளு, எங்கே பட்டுச்சுன்னு."

நான் போனை எடுத்து ஸ்பீக்கர்ல போட்டேன்.

"டேய் குரங்குதின்னி, எங்கடா இருக்கே?"

"டூட்டியில. நீ இன்னும் சாகலையா கெழவா? மண்வெட்டியைத் தேய்ச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஆளைக் காணோமேன்னு."

நிவேதா வாயில கை வெச்சுக்கிச்சு. இதுல ஒருத்தன் வேலையே தொங்குதுன்னு அந்தப் பயலுக்குத் தெரியாது. நானும் சொல்லலை. அந்தப் பொண்ணு மெல்லக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, 'நோ கம்ப்ளெயிண்ட், க்ளோஸ்ட்'னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே தட்ட ஆரம்பிச்சுது.

"உன் மண்வெட்டிக்கு வேலை இல்லைடா. எங்க ஆளுங்கள்ல புதைக்க மாட்டாங்க. விறகு அடுக்கி எரிச்சிடுவாங்க."

"எரிச்சிடுவாங்களா?"ன்னான். இதை நான் அவன்கிட்டச் சொன்னதே இல்லை போல.

"சரி, விறகு நான் அடுக்குறேன். எல்லாம் பச்சை விறகாப் பாத்து அடுக்குறேன்."

"ஏன்டா?"

"நீ அவ்வளவு சீக்கிரம் போயிடக்கூடாது, பாஸ்."